வராதவர்களின் கணக்கு

அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்

2020 மார்ச் 27 ஒரு வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று காலை பொதுத்தேர்வின் முதல் தாளை எழுதியிருக்க வேண்டும். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. தேர்வு தள்ளிப்போனது. எந்தத் தேதிக்கு என்று தலைமையாசிரியருக்கும் தெரியாது, மாவட்டக் கல்வி அதிகாரிக்கும் தெரியாது. மே 12-ல், ஜூன் 1 முதல் தேர்வு என்றார் அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன். ஒரு வாரம் போனது; மே 19-ல் அது ஜூன் 15 ஆனது. ஓர் அறைக்கு 10 பேர், எல்லோருக்கும் முகக்கவசம் என்று ஏற்பாடுகள் நடந்தன. ஜூன் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. மறுநாள், ஜூன் 9-ல், முதலமைச்சர் பழனிசாமி தேர்வையே ரத்து செய்து எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்.

முதல் தேதிக்கும் ரத்துக்கும் நடுவே 74 நாள். அந்த நாள்களில் வீட்டில் உட்கார்ந்திருந்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ‘படிச்சுக்கிட்டே இரு, எப்ப வேணும்னாலும் வைப்பாங்க.’ விடுதியில் தங்கிப் படித்தவர்களில் பலர் புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். விடுதிக்குப் பூட்டு. பேருந்து ஓடவில்லை. படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தவர்களும் உண்டு. மே மாதமே புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவோடு வேலைக்குப் போனவர்களும் உண்டு.

இந்த உரை ரத்தைக் குறை சொல்ல வரவில்லை. முதல் அலையில் என்ன நடக்கும் என்று யாருக்கும் பிடிபடாத நேரம் அது. அடுத்த ஆண்டு இரண்டாவது அலையின் உச்சத்தில், 2021 மே 21 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாதத்தில் பிள்ளைகளைத் தேர்வறையில் உட்காரவைக்கச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருக்க முடியாது. நிறுத்தியது சரி. நிறுத்திய இடத்தில் எதை வைத்தோம், அதன் விலையை யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பதைத்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சு நம்மிடம் நடக்கவே இல்லை. ‘ஆல் பாஸ்’ என்றதும் கைதட்டினோம். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

2020-ல் வைத்தது காலாண்டு, அரையாண்டு மதிப்பெண். அவற்றிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு. ஆகஸ்ட் 10-ல் முடிவு வந்தது. 9,39,829 பேர், நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஃபிளெக்ஸ் கடைக்காரர்களுக்கு மட்டும் அது மோசமான வருடம்.

அரையாண்டு மதிப்பெண் என்றால் என்ன என்று பள்ளியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வுக்கு முன்னால் பிள்ளையைக் கொஞ்சம் பயமுறுத்தி வைக்கும் தேர்வு அது. எண்பது எடுக்கக்கூடியவனுக்கு அறுபத்தைந்து போட்டு, ‘இப்படியே போனா தேற மாட்டே’ என்று சொல்லும் ஆசிரியர் கெட்டவர் அல்லர். அந்த மதிப்பெண் எங்கும் போகப் போவதில்லை என்று அவர் நம்பியிருந்தார். இன்னொரு பள்ளியில் அதே தேர்வை வேறு விதமாகத் திருத்தியிருப்பார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து மாநிலம் முழுமைக்கும் மதிப்பெண் பட்டியல் தயாரானது. பள்ளிகள் பழைய மதிப்பெண்களைத் திருத்திவிடுமோ என்ற சந்தேகம் எழுந்து, விடைத்தாள்களையும் மதிப்பெண் பதிவேடுகளையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போனது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பின் உண்மையான படிப்பு பொங்கலுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். மெல்லக் கற்கும் மாணவர் என்று பெயர் எழுதிவைத்து, மாலை நேரத்தில் தனி வகுப்பு நடத்தி, குறைந்தபட்சப் பாடக் கையேட்டைக் கையில் கொடுத்து, சுண்டலோ பிஸ்கட்டோ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் படிக்கவைப்பார்கள். அரையாண்டில் நான்கு பாடத்தில் தோற்றவன் மார்ச்சில் ஐந்திலும் தேறுவது அங்கே அதிசயமே இல்லை. 2020-ல் அந்த மூன்று மாத உழைப்பு முழுவதும் நடந்து முடிந்திருந்தது. ஆசிரியரும் உழைத்துவிட்டார், பிள்ளையும் உழைத்துவிட்டான். ஆனால் மதிப்பெண் டிசம்பரிலேயே உறைந்து போயிருந்தது. ஜூன் மாதம் முதலே பயிற்சித் தேர்வு எழுதிப் பழகிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. தாமதமாக ஓடத் தொடங்குகிறவனுக்குத்தான் நட்டம். தாமதமாக ஓடத் தொடங்குகிறவர்கள் எந்தப் பள்ளிகளில் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பிரிவினரும் உண்டு: தனித்தேர்வர்கள். முன்பு தோற்றுப்போய் மறுபடி எழுத வந்தவர்கள், பள்ளியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள். ‘எல்லோரும் தேர்ச்சி’ என்ற அறிவிப்பில் அவர்கள் இல்லை. அவர்களுக்குச் செப்டம்பரில் தேர்வு நடந்தது. 2021-லும் பிளஸ் டூ தனித்தேர்வர்கள் ஆகஸ்டில் எழுதினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வறைக்குப் போய்த் தேர்வு எழுதித்தான் தேற வேண்டும் என்று நாம் விட்டுவைத்தது, வகுப்பிலேயே மிகவும் பலவீனமானவர்களை மட்டும்.

2021 பிப்ரவரி 25-ல், சட்டமன்றத் தேர்தல் அறிவிப்புக்கு ஒரு நாள் முன்னதாக, 9, 10, 11-ஆம் வகுப்புகளுக்கு மீண்டும் ஆல் பாஸ் அறிவிப்பு வந்தது. பிளஸ் டூவுக்கு மட்டும் மே 3 முதல் தேர்வு என்றார்கள். மே 2 வாக்கு எண்ணிக்கை என்பதால் முதல் தாளை மே 31-க்குத் தள்ளினார்கள். செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே எழுத்துத் தேர்வு முழுவதையும் ஒத்திவைத்தார்கள். ஆட்சி மாறியது. ஜூன் 1-ல் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்து. ஜூன் 5-ல் முதலமைச்சர் ஸ்டாலின் தமிழ்நாட்டின் பிளஸ் டூ தேர்வையும் ரத்து செய்தார்.

இந்த முறை சூத்திரம் கொஞ்சம் சிக்கலானது. பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையிலிருந்தும் அகமதிப்பீட்டிலிருந்தும் 30. ஜூலை 19-ல் 8,16,473 பேருக்கு முடிவு வெளியானது, தசம எண்களோடு. தசமம் இருந்தால் துல்லியம் இருக்கும் என்ற நம்பிக்கை நம் அலுவலகங்களில் ஆழமானது. ஆனால் வணிகவியல் பிரிவு மாணவி ஒருத்தியின் கணக்குப்பதிவியல் மதிப்பெண்ணில் பாதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கணக்குப்பதிவியல் என்ற பாடமே இல்லாத பத்தாம் வகுப்பிலிருந்து, ஒருவேளை அவள் தமிழிலும் சமூக அறிவியலிலும் எடுத்த மதிப்பெண்ணிலிருந்து வந்தது. இருபது விழுக்காட்டுக்கு ஆதாரமான பிளஸ் ஒன் தேர்விலும், 2020 மார்ச் 26-ல் நடக்க வேண்டிய வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் தாள்கள் நடக்கவே இல்லை. ரத்தான தேர்வுக்குப் பதிலாக வந்த மதிப்பெண்ணுக்குள்ளேயே இன்னொரு ரத்தான தேர்வு உட்கார்ந்திருந்தது.

இருந்தாலும் அந்த ஆண்டு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கையில் ஓர் எண்ணாவது கிடைத்தது. அதே 2021-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் எண்ணே இல்லை. ‘தேர்ச்சி’ என்று மட்டும் இருந்தது.

இந்தப் பிள்ளைகளைத்தான் பின்தொடர்ந்து போக வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் இவர்கள் ஒன்பதாம் வகுப்பு. 1 முதல் 9 வரை ஆல் பாஸ் என்றதால் முழு ஆண்டுத் தேர்வு இல்லை. பத்தாம் வகுப்பில் 2021 ஜனவரி 19-ல்தான் பள்ளி திறந்தது. மார்ச் 22-ல் மறுபடி மூடியது. பாடத்திட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்திருந்தார்கள். கல்வித் தொலைக்காட்சி ஓடியது. வீட்டில் ஒரு கைபேசி இருந்து, அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போகாமல் இருந்தால் ஆன்லைன் வகுப்பும் உண்டு. பிறகு தேர்ச்சி. பிளஸ் ஒன் சேர்க்கைக்கு எதைப் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் வரை பின்னால் போக வேண்டியிருந்தது. அதாவது ஒரு பிள்ளைக்கு அறிவியல் பிரிவா, கலைப் பிரிவா என்பதை அவன் பதினான்கு வயதில், தொற்று வருமுன் எழுதிய தேர்வு சொல்ல வேண்டியிருந்தது.

வேலைக்குப் போகும்போது இந்த வெற்றிடம் இன்னும் தெளிவாகத் தெரியும். அஞ்சல் துறையில் கிராம அஞ்சல் ஊழியர் தேர்வுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசைதான் எல்லாம். கிராமத்தில் படித்த ஒரு பெண் ஊரைவிட்டுப் போகாமல் மத்திய அரசுச் சம்பளம் வாங்கக்கூடிய அரிய வேலை அது. எண் இல்லாத சான்றிதழை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவது? ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கைக்கும் இதே கதிதான்.

2022 மே மாதம் இவர்கள் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதினார்கள். வாழ்நாளில் முதல் பொதுத்தேர்வு. 8,43,675 பேர் எழுதி 7,59,856 பேர் தேறினார்கள்: 90.07 விழுக்காடு. 2020-ல் பிளஸ் ஒன் தேர்ச்சி 96.04 விழுக்காடாக இருந்தது. இம்முறை 83,819 பேர் தோற்றார்கள். பிளஸ் ஒன்னில் தோற்றாலும் பிளஸ் டூவுக்குப் போகலாம் என்பதால் இந்த எண் செய்தித்தாளில் ஒரு நாள்தான் நின்றது.

அடுத்தது 2023 மார்ச் 13, திங்கட்கிழமை. பிளஸ் டூ முதல் தாள், மொழிப்பாடம். அன்று மாலை தேர்வுத் துறை தந்த விவரம் மாநிலத்தையே திடுக்கிடவைத்தது. பள்ளி மாணவர்கள் 49,559 பேர், தனித்தேர்வர்கள் 1,115 பேர், ஆக 50,674 பேர் தேர்வுக்கு வரவில்லை. ஏறக்குறைய எட்டரை லட்சம் பேரில் ஐம்பதாயிரம். பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். வராமல் போனது இயற்பியலுக்கோ கணக்குக்கோ அல்ல, தமிழுக்கு. தாள் கடினமாக இருக்கும் என்று பயந்து விட்டுவிட்டவர்கள் என்று இதைச் சொல்ல முடியாது. அவர்கள் வரும் எண்ணமே இல்லாமல் எப்போதோ போய்விட்டவர்கள். பெயர் மட்டும் எமிஸ் என்னும் பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவில் இருந்தது, ஹால் டிக்கெட் மட்டும் அச்சாகியிருந்தது.

தொலைக்காட்சி விவாதங்களில் அன்றிரவு பல காரணங்கள் சொன்னார்கள். கைபேசி, போதை, ஆசிரியர்களின் அக்கறையின்மை என்று ஆளுக்கொன்று. அரசுத் தரப்பு விளக்கம்தான் உண்மைக்கு அருகில் இருந்தது. கொரோனா காலத்து ஆல் பாஸில் வந்த மாணவர்கள் இவர்கள். பிளஸ் ஒன்னிலேயே தோற்றவர்களையும் வராமல் நின்றவர்களையும் நீக்கிவிடாமல், எப்படியாவது எழுதவைக்கலாம் என்று பட்டியலில் வைத்திருந்தோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெயரைப் பட்டியலில் வைப்பதும் பிள்ளையைப் பள்ளியில் வைப்பதும் ஒன்றல்ல என்பது அந்த ஒரே நாளில் தெரிந்துபோனது. பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வீடு வீடாகப் போய்த் தேடச் சொன்னார்கள். தேடிப்போன ஆசிரியர்கள் கண்டது வேலைக்குப் போய்விட்ட பையன்களையும் கல்யாணமாகிப் போன பெண்களையும். இந்தத் தேடல் 2021 ஜூனில் நடந்திருக்க வேண்டும்.

மே 8-ல் பிளஸ் டூ முடிவு வந்தது. 8,03,385 பேர் எழுதி 7,55,451 பேர் தேர்ச்சி, 94.03 விழுக்காடு. முந்தைய ஆண்டு 93.76. ஆக, தேர்ச்சி விகிதம் உயர்ந்திருக்கிறது! மார்ச்சில் ஐம்பதாயிரம் பேரைக் காணவில்லை என்று பதறிய மாநிலம், மே மாதத்தில் முன்னேற்றம் என்று வாசித்தது. இதில் பொய் எதுவும் இல்லை. விகிதம் எழுதியவர்களை வைத்துத்தான் போடப்படுகிறது. வராதவன் தோற்றவனும் அல்லன். அவன் வகுத்தலின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பிளஸ் ஒன் எழுதியவர்களையும் பிளஸ் டூ எழுதியவர்களையும் கழித்துப் பார்த்தால் 40,290 பேர் ஒரே ஆண்டில் காணாமல் போயிருக்கிறார்கள். இந்தக் கழித்தலை எந்த முடிவு அறிக்கையிலும் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பிளஸ் ஒன் பக்கமே வராதவர்கள் இந்த நாற்பதாயிரத்தில் சேர்த்தி இல்லை.

இழந்த படிப்பை மீட்க அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, இந்தியாவிலேயே பெரிய மீட்பு முயற்சிகளில் ஒன்று. மாலையில் தெருவில், கோயில் வாசலில், யாராவது வீட்டுத் திண்ணையில் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அது 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்கானது. சான்றிதழில் எண் இல்லாமல் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. அவன் படித்துவிட்டான் என்று சான்றிதழ் சொல்லிற்று. சான்றிதழ் சொன்னதை அரசும் நம்பிற்று.

வேறு வழி இருந்ததா? பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கர்நாடகம் 2020-ல் ஜூன் 25 முதல் ஜூலை 4 வரை எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை நடத்தியது. 2021-ல் ஜூலை 19, 22 என இரண்டே நாளில், நாளுக்கு மூன்று பாடம் வீதம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு முடித்தது. யாரையும் தோற்றவராக அறிவிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். தமிழ்நாடு தேர்வில்லாமல் தேர்ச்சி கொடுத்தது. கர்நாடகம் தோல்வியில்லாமல் தேர்வு வைத்தது. இரண்டிலும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறான். ஆனால் அங்கே அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற தகவல் மிஞ்சுகிறது; இங்கே அதுவும் இல்லை. தொற்றுக் காலத்தில் தேர்வு வைத்தது சரியா என்ற வாதம் இருக்கலாம். அக்டோபரில், நவம்பரில், பள்ளி திறந்த பிறகாவது, தோல்வி என்ற சொல்லே இல்லாமல் ஓர் அளவீட்டுத் தேர்வை மாநிலம் முழுக்க வைத்து, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்திருக்க முடியும். 2022 தொடக்கத்தில் நடந்த திருப்புதல் தேர்வு அப்படி ஒரு வாய்ப்பாக இருந்தது. அதன் வினாத்தாள்கள் முன்கூட்டியே வெளியில் வந்து அதுவும் வீணானது.

தேர்வை ரத்து செய்வதில் கர்நாடகத்துக்கு இந்த எச்சரிக்கை சும்மா வரவில்லை. 2016 மார்ச் 21-ல் அங்கே இரண்டாம் ஆண்டு பி.யு.சி. (நம்முடைய பிளஸ் டூ) வேதியியல் தாள் வெளியானது. தேர்வு ரத்து, மார்ச் 31-ல் மறுதேர்வு என்றார்கள். மார்ச் 31 காலையில் அந்த மறுதேர்வுத் தாளும் வெளியாகிவிட்டது. 1.74 லட்சம் மாணவர்கள். தேர்வறைக்குக் கிளம்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள பி.யு. வாரிய அலுவலகத்தின் முன் மாணவர்கள் திரண்டார்கள். மூன்றாவது முறையாக ஏப்ரல் 12-ல்தான் அந்த வேதியியல் தாள் எழுதப்பட்டது. நடுவில் ஏப்ரல் 3-ல் ஜே.இ.இ. மெயின். ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் நீட் உண்டு என்றது. மூன்றே நாளில், மே 1-ல், நீட் முதல் கட்டம் நடந்தது. மே 4, 5-ல் மாநில நுழைவுத்தேர்வு. ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் நாற்பத்தைந்து நாள் இது. திருடியவர்கள் சில பேர். மூன்று முறை படித்தவர்கள் 1.74 லட்சம் பேர்.

ரத்தே செய்யாமல் தள்ளிக்கொண்டே போன நாடும் உண்டு. இலங்கையில் பிளஸ் டூவுக்கு இணையான க.பொ.த. உயர்தரப் பரீட்சை அதற்கு முன் வழக்கமாக ஆகஸ்டில் நடந்துவந்தது. 2021-க்கான பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022-க்கானது 2023 ஜனவரி 23-ல் தொடங்கியது. பொருளாதார நெருக்கடியில் நாடு இருட்டில் கிடந்த காலம். பரீட்சை நடக்கும் நாள்களிலாவது மின்வெட்டை நிறுத்துங்கள் என்று மனித உரிமை ஆணைக்குழு தலையிட வேண்டியிருந்தது. பிறகு பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வரிப் பிரச்சினையை முன்வைத்து விடைத்தாள் திருத்த மறுத்தார்கள். முடிவு வந்தது செப்டம்பர் 4-ல். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ 2022 ஆகஸ்டில் எழுத வேண்டியதை எழுதி, முடிவைக் கையில் வாங்க ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. பல்கலைக்கழக வாசலை மிதிக்க இன்னும் பல மாதம். அங்கே மதிப்பெண் உண்மையானது; போனது வயது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடும் நேரம். மற்றவர்களுக்கு அது கடையில் நிற்கும் நேரம்.

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. 2020-ல் தேர்வை ரத்து செய்துவிட்டு, ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டைப் பள்ளியின் பழைய சாதனையோடு ஒப்பிட்டுக் கணினிச் சூத்திரம் ஒன்றால் சரிசெய்தார்கள். ஆகஸ்ட் 13-ல் ஏ-லெவல் முடிவு வந்தபோது, ஆசிரியர் தந்த தரங்களில் 39.1 விழுக்காடு கீழிறக்கப்பட்டிருந்தன. முன்பு யாரும் நன்றாக எழுதாத பள்ளியில் ஒரு கெட்டிக்காரப் பெண் இருந்தால், அந்தப் பள்ளியின் பழைய பிள்ளைகள் அவளைக் கீழே இழுத்தார்கள். மாணவர் குறைந்த வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீடே நின்றது. அப்படிப்பட்ட வகுப்புகள் தனியார் பள்ளிகளில் அதிகம். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17-ல், அரசு பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டை ஏற்றது. 2021-ல் தேர்வு மறுபடி ரத்து.

அங்கே நடந்த தவறு பெரிது. ஆனால் அதன் பிறகு அவர்கள் செய்த ஒன்று இங்கே நடக்கவில்லை: பழைய நிலைக்கு எப்படித் திரும்புவோம் என்று தேர்வுக்குப் பல மாதம் முன்பே சொன்னார்கள். ஐக்கிய இராச்சியம் முழுவதுக்குமான கணக்கில் ஏ, ஏ-ஸ்டார் தரங்களின் பங்கு 2019-ல் 25.4 விழுக்காடு, 2021-ல் 44.8 வரை ஏறியது. 2022-ல் பாதித் தூரம் இறக்குவோம், 2023-ல் பழைய அளவுக்கு வருவோம் என்று அறிவித்து, 36.4, 27.2 என்று இறக்கினார்கள். 2023-ல் எழுதியவர்களுக்கு அது வலித்தது. அவர்களுடைய பதினாறு வயதுத் தேர்வும் 2021-ல் ரத்தானதுதான். நம்முடைய 2023 பிளஸ் டூ பிள்ளைகளின் அதே வயது, அதே கதை. வித்தியாசம் என்னவென்றால், இந்த ஆண்டு தரம் குறையும் என்று அங்கே பல்கலைக்கழகத்துக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் யார் கணக்கிலும் வராத ஓர் அணி இன்னும் இருக்கிறது. 2019-20-ல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள். அந்த ஆண்டு 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் டியூஷன் வைத்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரி 4-ல் அதை விலக்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு, ஆல் பாஸ். ஒன்பதாம் வகுப்பிலும் ஆல் பாஸ். இவர்கள் 2022 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது தேர்ச்சி 90.07 விழுக்காடு. 2019-ல் அது 95.2. அதே ஆண்டு பிளஸ் ஒன்னுக்கும் இதே 90.07 வந்தது தற்செயல்தான். இரண்டு வகுப்பும் ஒரே குழியில் விழுந்து எழுந்தவை என்பது தற்செயல் அல்ல.

‘கொரோனா பேட்ச்’ என்ற பெயர் இந்தப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் விரிவுரையாளர் சொல்கிறார், வேலைக்கு எடுக்கும் இடத்தில் மேலாளர் சொல்கிறார், சொந்த வீட்டில் மாமா சொல்கிறார்: ‘நீங்கதான் எழுதாமலே பாஸ் ஆனவங்களாச்சே.’ பாதி கிண்டல், பாதி சந்தேகம். இவர்கள் தேர்வு வேண்டாம் என்று கேட்டவர்கள் அல்லர். முதல் அணி 74 நாள் புத்தகத்தோடு காத்திருந்தது. அவர்களில் அரையாண்டில் ஐம்பது எடுத்து மார்ச்சில் எண்பது எடுக்கத் தயாராக இருந்தவனுக்கு அந்த எண்பதை நிரூபிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அவனுக்கு நடந்ததைச் சலுகை என்று சொல்வது பொருந்தாது.

இப்போது பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீங்கியது. இது நடுவழியில் வந்த ரத்து அல்ல. தேர்வுக்குப் பல மாதம் முன்பே அறிவித்து, கொள்கை முடிவாகச் செய்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு. பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுக்குள் மூன்று பொதுத்தேர்வு என்பது அதிகம் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 2018-ல் அந்தத் தேர்வு தொடங்கியபோது சொன்ன காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தைத் திணித்துக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளைகள் கல்லூரி முதல் ஆண்டில் தடுமாறினார்கள். அந்தப் பழக்கம் திரும்பி வராமல் யார் பார்த்துக்கொள்வது?

இன்னொரு கவலையும் உண்டு. 2022-ல் 83,819 பேர் தோற்றார்கள் என்று நமக்குத் தெரிந்ததே பிளஸ் ஒன் தேர்வு இருந்ததால்தான். அடுத்த மார்ச்சில் என்ன வரப்போகிறது என்று அது ஒன்பது மாதம் முன்பே சொன்னது. நாம்தான் காதில் வாங்கவில்லை. இனி அந்தக் குரலும் இருக்காது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் பிளஸ் ஒன் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ முதல் தாளுக்கு வந்தார்கள் என்ற கணக்கு எமிஸ் பதிவில் மாவட்டவாரியாக, பள்ளிவாரியாக இருக்கிறது. மே மாதம் தேர்ச்சி விகிதம் வெளியிடும் அதே தாளில் இந்த இரண்டு எண்ணையும் அச்சிடப் புதிய சட்டம் தேவையில்லை, தனி நிதியும் தேவையில்லை. தேர்வுத் துறை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கை போதும்.